பாஸ்: ஒரு வினைச்சொல்லும் வன்னி மண்ணும்

எமது பாடசாலையின் வரலாற்றையும் அதிபர்களின் பணியையும் கட்டடங்கள் எழுந்த கதையையும் இந்த நூற்றாண்டு மலரில் எழுத என்னிலும் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். வைத்தியத் தொழிலில் இருக்கும் பழைய மாணவி என்பதால், நீரிழிவு பற்றியோ தைரொயிட் பற்றியோ நான் ஒரு கட்டுரை தருவேன் என்று மலர்க்குழுவினர் எண்ணியிருக்கக்கூடும். அவற்றை நீங்கள் வேறிடத்தில் வாசித்துக்கொள்ளலாம். நான் எடுத்துக்கொண்டது ஒரு சொல்லின் வரலாறு. அது ஆங்கிலச் சொல்தான். ஆனாலும் 1990களில் வன்னியில் படித்த எந்தப் பெண்ணுக்கும் அதை மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சொல் 'பாஸ்'.

சோதனையில் பாஸ். வலைப்பந்தில் பந்தைப் பாஸ் பண்ணு. மாணவர் மன்றத்தில் பிரேரணை பாஸ். சந்தியில் எங்களைப் பாஸ் பண்ணிப் போன பஸ். இவ்வளவும் எந்த ஊர்ப் பாடசாலையிலும் உள்ளவை. வவுனியாவில் இருந்த எமக்கு இன்னொன்றும் இருந்தது: சட்டைப் பைக்குள், பொலித்தீன் உறைக்குள், அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருக்க வேண்டிய பாஸ். (வீடு கட்டும் மேசன் பாஸ் வேறு. அது 'தலைவன்' என்று பொருள்படும் ஒல்லாந்துச் சொல்லிலிருந்து வந்தது. எமது எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் தனியே சொல்லிவைக்கிறேன்.)

எமது ஆங்கில ஆசிரியை இந்தச் சொல்லைப் படிப்பித்த விதம் எனக்கு நினைவில் இருக்கிறது. கரும்பலகையில் அதை எழுதிவிட்டுப் பொருள் கேட்டபோது முழு வகுப்பும் "துண்டு, ரீச்சர்" என்றது. அவர் சிரிக்கவில்லை. "பிள்ளையள், இது முதல்ல ஒரு வேர்ப். பெயர்ச்சொல்லாப் பிறகுதான் வந்தது. வேர்ப் எண்டால் ஆர் செய்யிறது எண்டு முதல்ல கேக்கோணும்" என்றார். பிறகு வாக்கியங்கள் எழுதினார். பேருந்து பாடசாலையைக் கடந்து சென்றது, ஒரு வருடம் கழிந்தது, அவள் சோதனையில் தேறினாள், உப்பை இந்தப் பக்கம் தா, பாட்டனார் காலமானார். தமிழில் ஐந்து வினைகள் வேண்டியிருந்த இடத்தில் ஆங்கிலத்துக்கு ஒன்றே போதுமாக இருந்தது.

அடியிலிருந்து வந்த சொல்

இலத்தீன் மொழியில் 'பாசுஸ்' என்றால் நடக்கும்போது வைக்கும் ஓர் அடி. அதிலிருந்து பிரெஞ்சு மொழியின் 'பாசே' என்ற வினை பிறந்தது. பிரெஞ்சு பேசிய நோர்மன் ஆட்சிக்குப் பின்னர் அது ஆங்கிலத்துக்கு வந்தது. அடி எடுத்து வைத்து ஓரிடத்தைத் தாண்டுவதே அதன் முதற்பொருள். இடத்தைத் தாண்டிய சொல் பின்னர் காலத்தைத் தாண்டுவதற்கு ஆனது; தடையைத் தாண்டுவதற்கு, அதாவது சோதனையில் தேறுவதற்கு ஆனது; கைமாறுவதற்கு ஆனது; கடைசியில் உயிர் பிரிவதற்கும் ஆனது. தாண்டிப்போக விடும் தாளுக்கு அதே பெயர் வந்தது எல்லாவற்றுக்கும் பிந்தியே. ஆசிரியை சொன்னது இதைத்தான்.

தமிழில் இதே வழியில் நடந்த ஒரு வினை உண்டு. அது 'இற'. இன்று நாம் இறத்தல் என்றால் சாவு என்று மட்டும் கொள்கிறோம். பழந்தமிழில் அதற்குக் கடத்தல், எல்லை தாண்டுதல் என்ற பொருள்கள் உண்டு. திருக்குறளில் 'இறந்தார்' என்று வருமிடங்களில் சில, செத்தவரைக் குறிக்கவில்லை. நெறியைக் கடந்தவரைக் குறிக்கின்றன. இலக்கண வகுப்பில் நாம் படித்த இறந்தகாலம் செத்துப்போன காலம் அல்ல, கடந்த காலம். இடத்தைக் கடப்பது, காலம் கடப்பது, உயிர் கடப்பது என்ற மூன்றையும் ஆங்கிலம் ஒரு வினையில் வைத்ததுபோலவே தமிழும் ஒரு வினையில் வைத்திருக்கிறது. ஒன்றிடமிருந்து மற்றொன்று கடன் வாங்கவில்லை. நடக்கிற மனிதர் எங்கும் ஒரேமாதிரித்தான் யோசித்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு வினைகளும் ஒரே பெயர்ப்பலகையில் நிற்கும் இடம் எமது வன்னியின் வடக்கு வாசலில் இருக்கிறது.

ஆனையிறவு

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய நிலம் அது. வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை ஆழம் குறைந்த அந்தக் களப்பினூடாகக் கடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்றார்கள். வன்னியர் தலைவர்கள் போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் செலுத்திய திறையிலும் யானைகள் இருந்தன. யானை கடக்கும் இடம் ஆனையிறவு. இறவு என்றால் இறால் என்றும் அகராதியில் உண்டு; அந்தக் களப்பில் இறாலும் உண்டு. ஆனாலும் யானையோடு சேரும்போது கடத்தல் என்ற பொருளே பொருந்துகிறது. சிங்களத்தில் அலிமங்கட என்பதும் யானை கடக்கும் வழியையே குறிக்கும். ஆங்கிலப் பெயர் எலிபன்ட் பாஸ். ஒரே செய்தியை மூன்று மொழிகள் தத்தம் வினையால் சொல்கின்றன.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் அவர்களிடமிருந்து அதைப் பறித்தார்கள். கடக்கும் இடத்துக்குப் போர்த்துக்கேய மொழியில் 'பாசோ', ஒல்லாந்த மொழியில் 'பஸ்'. குடாநாட்டின் தெற்கு எல்லையில் ஒல்லாந்தர் ஒரு வரிசையாகச் சிறு கோட்டைகளைப் பேணினார்கள். இயக்கச்சிப் பக்கத்தில் ஒன்று 'பஸ் பைல்' எனப்பட்டது. இன்னொன்று 'பெஸ்குட்டர்', அதாவது காவலன். மூன்றாவது ஆனையிறவில் இருந்தது. வன்னியிலிருந்து வரும் ஆட்களையும் பொருட்களையும் கண்காணிப்பது அவற்றின் வேலை. யானை தானாகக் கடந்த இடத்தில் மனிதரை நிறுத்திக் கேட்கும் வழக்கம் அந்தச் சிறு கோட்டைகளிலேயே நடந்துவந்திருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் 1905ஆம் ஆண்டு காங்கேசன்துறைவரை புகையிரதப் பாதை நிறைவேறியது. 1956 முதல் யாழ்தேவி ஓடியது. எமது தாய்மாரின் தலைமுறை ஆனையிறவை யன்னலோரத்தில் அமர்ந்து உப்பளத்தைப் பார்த்தபடி கடந்தது. அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ரிக்கற் பரிசோதகரைத் தவிர. அந்த வினை அப்போது அவர்களுடையதாக இருந்தது.

துண்டு

எமது வகுப்பு 'துண்டு' என்று விடை சொன்னதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது மலையகத்தின் வரலாறு. தோட்டத் தொழிலாளர் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறவேண்டுமானால் பழைய தோட்டத்துத் துரை எழுதிக்கொடுக்கும் ஒரு சீட்டு வேண்டும். இன்ன கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் அவர்களை விடுகிறேன் என்பதே அந்தச் சீட்டின் சாரம். ஆங்கிலேயர் தமது சட்டப் புத்தகங்களிலும் அதைத் தமிழ்ச் சொல்லாலேயே 'துண்டு' என்று எழுதினார்கள். 1921இல் சட்டம் இயற்றி அந்த முறையை ஒழித்தார்கள்.

1958, 1977, 1983 ஆண்டுகளின் வன்முறைகளுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறின. எமது வகுப்பறைகளில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். பூட்டனார் துண்டு கேட்டு நின்றார். பூட்டப்பிள்ளை பாஸ் கேட்டு நின்றாள். இடையில் நாடு சுதந்திரமும் அடைந்திருந்தது, குடியரசும் ஆகியிருந்தது.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. தென்னாபிரிக்காவில் கறுப்பின மக்களை நகரத்துக்குள் வரவிடாமல் தடுத்த சட்டங்களுக்குப் பெயரே பாஸ் சட்டங்கள். 1956 ஓகஸ்ட் 9இல் ஏறத்தாழ 20,000 பெண்கள் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பிரிட்டோரியாவுக்கு ஊர்வலம் போனார்கள். 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில் என்ற ஊரில் பாஸுக்கு எதிராகத் திரண்டவர்களைப் பொலிஸ் சுட்டதில் 69 பேர் மாண்டார்கள். அதற்கும் முன்னர், 1913இல், அதே நாட்டில் அனுமதியின்றி மாகாண எல்லையைக் கடந்த தமிழ்ப் பெண்களோடு போனவள் தில்லையாடி வள்ளியம்மை. சிறையில் நோயுற்று, விடுதலையான பின்னர், 1914 பெப்ரவரி 22இல் இறந்தாள். அவளுக்கு வயது 16. எமது பாடசாலையில் அந்த வயதில் க.பொ.த. சாதாரண தரம் எழுதுவார்கள்.

சித்தி

இலங்கைத் தமிழில் பரீட்சையில் தேறுவதற்குரிய அலுவலகச் சொல் சித்தி. அதிவிசேட சித்தி, திறமைச் சித்தி, சாதாரண சித்தி என்று பெறுபேற்றுப் பத்திரத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொல்லும் ஆங்கில வினையைப்போலவே இரட்டைப் பொருளுடையது. ஞானியர் உடலைத் துறப்பதையும் சித்தியடைந்தார் என்றே சொல்கிறோம். ஆங்கிலத்திலும் தமிழிலும் தேறுவதும் மறைவதும் இப்படி அருகருகே நிற்கின்றன.

வன்னிப் பெண்பிள்ளைகளுக்குச் சித்தி என்பது வெறும் புள்ளியல்ல. பல்கலைக்கழக அனுமதியில் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூன்றும் பின்தங்கிய மாவட்டங்களாகக் கணிக்கப்பட்டவை. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலைகள், ஆங்கில ஆசிரியரே காணாத பாடசாலைகள் எத்தனையோ. அப்படியிருந்தும் ஒருத்தி பாஸ் பண்ணினால் அவள் வீட்டில் முதன்முறையாக ஓர் ஆசிரியையோ தாதியோ வைத்தியரோ உருவாகிறாள். அவளுக்குப் பின்னால் தங்கைமார் வருவார்கள். ஒரு பெண் பாஸ் பண்ணினால் ஒரு குடும்பமே ஒரு படி ஏறிவிடும். அதனால்தான் பங்கருக்குள் இருந்தும் குப்பிவிளக்கில் படித்தார்கள்.

ஆனால் அந்தப் பாஸுக்குப் போக இந்தப் பாஸ் வேண்டியிருந்தது.

இரண்டு பக்கத்துப் பாஸ்

1990 யூனில் மீண்டும் போர் வெடித்தது. வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அவர்களுக்குப் போவதற்குப் பாஸ் தேவைப்படவில்லை. இருப்பதற்கே அனுமதி மறுக்கப்பட்டது. எமது வரலாற்றை எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதக்கூடாது. அவர்களிலும் பாடசாலைப் பிள்ளைகள் இருந்தார்கள்.

மற்றவர்களுக்கு வெளியேறுவதற்குப் பாஸ் வேண்டியதாயிற்று. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வெளியே செல்ல விரும்புபவர் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும்; பலருக்குப் பிணை நிற்க ஆளும் வேண்டும். திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். இளவயதினருக்கு அது கிடைப்பது அரிது. பேக்கரிக்கு வெதுப்பகம் என்றும் ஐஸ்கிரீமுக்குக் குளிர்களி என்றும் பெயர் வைத்த காலம் அது. இருந்தும் சனத்தின் வாயில் பாஸ் பாஸாகவே இருந்தது.

தாண்டிக்குளத்தாலோ, பின்னாளில் பிரமனாலங்குளத்தாலோ இந்தப் பக்கம் வந்து சேர்ந்தால் இங்கேயும் பாஸ். இராணுவமும் பொலிஸும் வழங்கிய அந்தப் பாஸில் ஒரு நாளுக்குரியது, ஒரு வாரத்துக்குரியது, ஒரு மாதத்துக்குரியது, மூன்று மாதத்துக்குரியது என்று வகைகள் இருந்தன. பூந்தோட்டம், சிதம்பரபுரம், வேப்பங்குளம் நலன்புரி நிலையங்களில் இருந்தவர்கள் வெளியே போய்வரவும், வவுனியாவைத் தாண்டித் தெற்கே போகவும் அது வேண்டும். சிங்களத்திலும் அதன் பெயர் 'பாஸ் எக்க'. ஒருவரோடொருவர் பேச மொழியில்லாத இருவர், சாவடியில் எதிரெதிரே நின்றபோது, இருவருக்கும் விளங்கிய ஒரே சொல் அந்த ஆங்கிலச் சொல்தான். கடவுச்சீட்டு, கடவை என்று 'கட' என்ற வினையிலிருந்து நல்ல சொற்கள் தமிழில் இருந்தும் எவரும் அவற்றை இந்தத் தாளுக்குச் சூட்டவில்லை. அது யாருக்கும் சொந்தமான பொருளாக இருக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோதும், 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோதும், 1997 மே மாதம் வவுனியாவிலிருந்து ஏ9 வீதி வழியே 'ஜெயசிக்குறு' இராணுவ நடவடிக்கை தொடங்கியபோதும் எமது வகுப்புகளில் புதிய முகங்கள் கூடின. மூன்று பேர் இருக்கும் வாங்கில் ஐந்து பேர் இருந்தோம். அந்தப் புதிய முகங்களுக்கு வரவுப் பதிவேட்டில் இருந்ததுபோலப் பாஸிலும் ஒரு திகதி இருந்தது. உயர்தரப் பரீட்சைக் காலத்தில் எமது வகுப்பு மாணவி ஒருத்தியின் ஒரு வாரப் பாஸ், இரசாயனவியல் வினாத்தாள் அன்று காலையில் முடிவடைந்தது. விடியற்காலை நாலரைக்கு அவளும் தாயாரும் வரிசையில் நின்றார்கள். நாங்கள் பரீட்சை மண்டபத்துக்குள் போய்விட்டோம். வினாத்தாள் கொடுத்த பிறகு மூச்சிரைக்க ஓடி வந்தாள். மேற்பார்வையாளர் ஒன்றும் பேசாமல் கதிரையைக் காட்டினார். அவள் சித்தியடைந்தாள், இன்று ஒரு பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறாள். இன்னொரு வாங்கில் ஒட்டியிருந்த சுட்டெண் எல்லாப் பாடத்துக்கும் அப்படியே ஒட்டியபடி இருந்தது. அவள் சோதனையில் தோற்கவில்லை. சோதனைக்கு வந்து சேரவே இல்லை. பெறுபேற்றுப் புள்ளிவிவரத்தில் 'தோற்றாதோர்' என்ற கட்டத்துக்குள் அவள் இருப்பாள்.

எனக்கு யாழ் மருத்துவபீடம் கிடைத்தது. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் 140 கிலோமீற்றர். நான் போனதோ திருகோணமலைக்குப் போய், காத்திருந்து, கப்பலேறிக் காங்கேசன்துறைக்கு. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. முதன்முறையாக அதே 140 கிலோமீற்றரை வீதி வழியே போனேன். ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி ஏறவேண்டியிருந்தது. ஆனாலும் ஆனையிறவைப் பகலில் கண்டேன்.

அதே ஆண்டு செப்ரெம்பரில், சிதம்பரபுரம் முகாமில் இருந்த ஒருவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாம் விரும்பிய இடத்துக்குப் போகவிடாமல் அவரைத் தடுத்தது, அரசியலமைப்பின் 14(1)(எச்) உறுப்புரை தரும் நடமாட்டச் சுதந்திரத்தை மீறியது என்று நீதிமன்றம் கண்டது. பெரிய தலைவர்களோ அமைப்புகளோ அல்ல, முகாமில் இருந்த ஒரு சாதாரண மனிதர் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடை இது. ஆர் செய்யிறது எண்டு கேக்கோணும் என்று ஆசிரியை சொன்ன இலக்கணத்தையே உயர் நீதிமன்றம் சட்டத்தின் மொழியில் எழுதியது. போகிறவரே எழுவாய். தாள் கொடுப்பவர் அல்ல.

தீர்ப்பு நின்றது, நிலைமை நிற்கவில்லை. 2006 ஓகஸ்டில் முகமாலையில் பாதை மூடியது. 2009 தொடக்கத்தில் வன்னியில் அகப்பட்டிருந்த மக்களை வெளியேற விடாமல் புலிகள் தடுத்தார்கள். மக்கள் இருந்த இடங்களிலும் செல்கள் வீழ்ந்தன. வந்து சேர்ந்த ஏறத்தாழ 3 இலட்சம் பேரைச் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களுக்குள் வைத்துக் கம்பி அடித்தார்கள். 2009 டிசம்பர் 1 முதல்தான் குறித்த நாட்களுக்கு வெளியே போய்வர அனுமதி கிடைத்தது. மீண்டும் பாஸ். மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது.

வார்ட்டில்

வைத்தியத் தொழிலிலும் இந்த வினையிலிருந்து எமக்கு விடுதலை இல்லை. சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் காலையில் நோயாளியிடம் நாங்கள் கேட்கும் முதற் கேள்விகள் இந்த வினையைச் சுற்றியவை: சிறுநீர் பாஸ் பண்ணினதா, காற்றுப் பிரிந்ததா? அடைப்பு ஏதுமின்றி உடல் தன் வேலையைத் தானே செய்கிறதா என்று அறிவதற்கான கேள்வி. உள்ளே இருப்பது தானாகக் கடந்து போனால் நலம், நின்றுவிட்டால் ஆபத்து. ஓர் ஊருக்கும் இது பொருந்தும் என்பதை 2009இல் பார்த்தேன். வேறு மாவட்ட வைத்தியசாலைக்கு மாற்றப்பட்ட நோயாளிகள் அனைவருடனும் உறவினர் போக முடியவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு வழி திறந்தது, தாய்க்குத் திறக்கவில்லை. அம்புலன்ஸ் கதவு மூடும்வரை அந்தத் தாய் பிள்ளையின் கையில் ஊர்ப் பெயரையும் தன் பெயரையும் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். மை வியர்வையில் கரையும் என்று கண்டு, தாதி ஒருவர் அதன் மேல் பிளாஸ்ரர் ஒட்டிவிட்டார். அதுவும் ஒருவகைப் பாஸ்தான். அதைத் தாயே எழுதிக்கொண்டார்.

இறப்பை அறிவிப்பதும் எமது வேலை. ஆங்கிலத்தில் இந்த வினையோடு 'அவே' என்பதைச் சேர்த்தால் போதும். எமக்கோ காலமானார், தவறிவிட்டார், மோசம் போயிட்டார், இறைவனடி சேர்ந்தார் என்று பல. எதைச் சொன்னாலும் எதிரே நிற்பவர் உடனே விளங்கிக்கொள்வார். விளங்கிய பின் அழுவார். பிறகு செத்தவீடு, எட்டுச்செலவு, அந்தியேட்டி என்று நாட்கள் நகரும். காலம் கடக்கும்.

காலம் கடக்காதவர்கள் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் அமர்ந்தார்கள். அதே மாதத்தில் வவுனியாவிலும் அமர்ந்தார்கள். அந்தத் தாய்மாரில் சிலர் என்னிடம் இரத்த அழுத்தத்துக்கும் நித்திரையின்மைக்கும் மருந்து எடுப்பவர்கள். "பிள்ளையள் எத்தனை பேர் அம்மா?" என்று கேட்டால் "நாலு பேர், மோள்" என்பார்கள். 'இருந்தவை' என்று சொல்லமாட்டார்கள். நட்டஈட்டுப் படிவத்தில் இறந்தகால வினை ஒன்று எழுதினால் பணம் கிடைக்கும் என்று சொன்னபோதும் எழுத மறுத்தவர்கள் அவர்கள். இலக்கணம் படிக்காத அந்த அம்மாமாருக்கு ஒரு வினைச்சொல்லின் எடை எவ்வளவு என்று தெரிந்திருக்கிறது. எங்கே கடந்தான், எந்தச் சாவடியில் யாரிடம் கையளித்தேன், அவனைக் கொண்டுபோனவர் யார் என்பதே அவர்கள் கேள்வி. எழுவாய் யார் என்று கேட்கிறார்கள். விடை வரும்வரை நிகழ்காலத்தில்தான் பேசுவார்கள்.

பழைய மாணவியர்

ஆங்கிலத்தில் எம்மைப் 'பாஸ்ட் பியூப்பில்ஸ்' என்பார்கள். அந்தப் 'பாஸ்ட்' இந்த வினையின் பழைய எச்சவடிவம்தான். கடந்த என்று பொருள். நாம் கடந்துபோன மாணவிகள். இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் சென்னையிலும் கொழும்பிலும் இருந்து இதை வாசிக்கிறீர்கள். உங்களில் பலர் இந்த ஊரைக் கடந்தது ஒரு துண்டுத் தாளோடு. சிலருக்கு அந்தத் தாளும் இருக்கவில்லை.

இன்றைய மாணவிகளுக்கு இவை எதுவும் தெரியாது. ஆனையிறவு அவர்களுக்குப் புகையிரதத்தில் கடந்துபோகும் ஒரு நிலையம்; 2014 முதல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம்வரை ஓடுகிறது. பாஸ் என்றால் சோதனை பாஸ் மட்டுமே. அப்படியே இருக்கட்டும், அவர்கள் அந்த வினையை நல்ல பொருளோடு மட்டும் கற்பது எமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தச் சொல் ஒருகாலத்தில் எம்மிடமிருந்து பறிக்கப்பட்டு, பெயர்ச்சொல்லாக்கி, முத்திரை குத்தி, திகதி போட்டுத் திருப்பித் தரப்பட்டது என்பதற்கு ஒரு சான்று பாடசாலையில் இருக்க வேண்டும். எமது நூற்றாண்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தத் தாள்களால்தான் அளக்கப்பட்டன. அவை வெறும் காகிதங்கள். கறையான் அரித்தால், வீட்டைத் துப்பரவாக்கும்போது எரித்தால், போய்விடும்.

ஆகவே பழைய மாணவியர் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன், உங்களிடமும் வைக்கிறேன். உங்கள் அலுமாரியில், அம்மாவின் சீலைப் பெட்டியில், பழைய பைபிளுக்குள் அல்லது தேவாரப் புத்தகத்துக்குள் அந்தப் பாஸ் எங்காவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள். எந்தப் பக்கத்துப் பாஸாக இருந்தாலும் சரி. பாடசாலை நூலகத்தில் அவற்றுக்கென ஒரு பெட்டி வைக்கக் கேட்டிருக்கிறேன். லமினேட் பண்ண வேண்டாம், அது தாளைக் கெடுக்கும். ஒட்டுப்பசை நாடாவும் வேண்டாம். சாதாரணக் கடதாசி உறையில் வையுங்கள். எங்கே போக எடுத்தீர்கள், போய்ச் சேர்ந்தீர்களா என்பதைத் தனித்தாளில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். மூலத்தைத் தர மனமில்லாதவர்கள் இருபக்கமும் படம் எடுத்து அனுப்பலாம். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் வெளியே தெரியாதபடி மறைத்தே காட்சிக்கு வைக்க வேண்டும் என்பதையும் சங்கத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

பாஸ் இல்லாமல் வந்தவர்கள் அந்தத் தாளை மட்டும் எழுதி அனுப்புங்கள்.